ரெக்ஸின் எண்ணெய் குடிக்குமா?

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கோடவுனின், அதாவது கிடங்கின், முன்பாதிதான் நான் வேலை செய்யும் இடம். பின்பாதியில் இன்னும் சுக்கு மூட்டைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. வெயில் காலத்தில் அந்தப் பக்கம் சுண்ணாம்பு போட்டுச் சுக்கு உலர்த்துவார்கள். அந்த வெள்ளைத் தூசி தகரத்தின் இடுக்கு வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படியும். புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் தும்முவார்கள். நான் தும்முவதை விட்டு வெகுகாலமாகிறது.

நான் கார் கழுவுவதில்லை. காரின் உள்பக்கம், முக்கியமாகச் சீட்டுகள், அவ்வளவுதான் என் வேலை. துணிச் சீட்டும் செய்வேன். ஆனால் தோல் சீட்டுக்காரர்கள்தான் எர்ணாகுளத்திலிருந்து பாலம் தாண்டி என்னைத் தேடி வருகிறார்கள். பின்கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, முகத்தைச் சீட்டின் பக்கம் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. நானும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. இருபது வருடமாக இந்த வேலையில் நான் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்குக் கூச்சம் அதிகம். தென்காசிப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் எழுந்து நின்று தலையைத்தான் ஆட்டுவேன். இந்த நாற்பத்தெட்டு வயதிலும் அதேதான். "நாளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டால் தலையாட்டுவேன். "கறை போயிடுமா?" என்றாலும் தலையாட்டுவேன். போகாத கறைக்கும் ஆட்டிவிட்டு, பிறகு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன்.

கொச்சியில் தோல் சீட்டைக் கெடுப்பது மழை. மழையை விட அதிகமாகக் கெடுப்பது தேங்காய் எண்ணெய். ஜூன் மாதம் இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் சீட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்துவிடும். இங்கே அதைப் பூப்பல் என்கிறார்கள். அதைப் பார்த்ததும் வீட்டில் இருப்பவர்கள் அடுக்களைக்குப் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து தேய்த்துவிடுவார்கள். பக்கத்தில் தோப்பும்படியில் ஒரு பெரியவர் அப்படித் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை முண்டு உடுத்து அதில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போனார். பூசை முடிந்து எழுந்தபோது பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். மறுநாள் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். சீட்டுக்குள் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. "தலைக்குத் தேய்க்கலாம், தோசைக்கு ஊத்தலாம், வண்டிக்கு மட்டும் ஆகாதோ?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துச் சமாதானமாகிவிட்டார்.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு வண்டியைப் பற்றி.

எங்கள் கோடவுனிலிருந்து நாலாவது கட்டடம் ஒரு குஜராத்தி ஜைனக் குடும்பத்தின் வீடு. கீழே ஏலக்காய்க் கடை, மேலே வீடு. கடையைப் பார்ப்பது மகன். நாற்பது வயதிருக்கும். எல்லாரையும் போல நானும் அவரைச் சேட்டு என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அம்மாவுக்கு எழுபது வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். மூட்டை தூக்கிய தமிழர்களோடும், வாங்க வந்த மலையாளிகளோடும் பேசிப் பேசி, இரண்டும் கலந்த ஒரு பேச்சு அவருக்கு அமைந்துவிட்டது. என்னைப் 'பாயி' என்பார். அவர்கள் பாஷையில் அண்ணன் தம்பி என்று பொருள். நான் அவரை அம்மா என்பேன்.

அவருக்கு என்மேல் ஒரு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு அவர்களிடம் துணிச் சீட்டுப் போட்ட சின்னக் கார் இருந்தது. ஒரு தடவை அதன் பின்சீட்டைக் கழற்றியபோது, அடியில் அவருடைய ஜபமாலை கிடைத்தது. ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். நான் அதைத் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்து, மாடிப்படி ஏறிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர் எனக்காகப் பேசுவார்.

தோல் என்றால் அவருக்கு ஆகாது. காலில் துணிச் செருப்புதான் போடுவார். வாட்சுக்குக் கூட நைலான் பட்டை. ஓர் உயிரைக் கொன்று எடுத்த பொருளைத் தொட்டுக்கொண்டு இருப்பது பாவம் என்பது அவர்கள் வழக்கம். மகன் அவ்வளவு கண்டிப்பில்லை. அம்மா முன்னால் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பார்.

போன வருடம் ஆனி மாதம். மழை பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் சேட்டு ஒரு பெரிய வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எர்ணாகுளத்தில் யாரிடமோ வாங்கிய பழைய வண்டி. வாங்கி இரண்டு வாரமாக மூடியே கிடந்திருக்கிறது. கதவைத் திறந்ததும் ஈரத் துணியை மூட்டைகட்டி வைத்தது போல நாற்றம். சந்தன நிறச் சீட்டுகள். முதுகு சாயும் இடமெல்லாம் பூப்பல் புள்ளிகள். ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் யாருடைய ஜீன்ஸிலிருந்தோ இறங்கிய நீலம்.

நான் சீட்டில் விரலை ஓட்டினேன். இந்த வேலையில் முதலில் கண் வைத்துப் பார்ப்பதில்லை, விரல்தான். நல்ல தோல். வறண்டுபோயிருந்தது, அவ்வளவுதான். எல்லாத் தோல் சீட்டும் போலவே இதிலும் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோல். பக்கவாட்டு, சீட்டின் முதுகுப்புறம், கதவுப் பலகை எல்லாம் அதே நிறத்தில் ரெக்ஸின் என்கிற செயற்கைத் தோல். விவரம் தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

"அண்ணா, ஒரு காரியம் சொல்லணும்" என்றார் சேட்டு. குரலைத் தாழ்த்தியிருந்தார். "அம்மா வந்து பார்ப்பாங்க. ரெக்ஸின்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

நான் அவரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சு வாங்கல அண்ணா, சத்தியமா. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் சின்ன வண்டில ஏற முடியல. இதுல கதவு எவ்வளவு அகலமாத் திறக்குது, சீட்டு எவ்வளவு உசரம், அது மட்டும்தான் பார்த்தேன். சீட்டு என்னன்னே பார்க்கல. வீட்டுக்குக் கொண்டு வந்தப்புறம்தான்..."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஆலப்புழையில் இருக்கிறார். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேரும் இந்தக் கடலோரத்துக்கே கல்யாணமாகி வந்தவர்கள். பெரியம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசம். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் யாரையும் பார்க்க விடவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தங்கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"நாளன்னைக்கு மழைக்கால நோன்பு தொடங்குது. நாலு மாசம் அம்மா ஊர் எல்லை தாண்ட மாட்டாங்க. இருபது வருஷமா இருக்கற நோன்பு, விடச் சொன்னா விட மாட்டாங்க. நாலு மாசம் பெரியம்மா இருப்பாங்கன்னு தோணல. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குப் பார்த்து டாக்ஸிக்காரங்க ஸ்ட்ரைக் வேற. பஸ், ரயில்ல ஏற அம்மாவால முடியாது. பழைய வண்டிய வித்தாச்சு. இந்த வண்டிதான் அண்ணா."

நான் தலையாட்டினேன்.

வேலையைத் தொடங்கினேன். முதலில் மெல்லிய மூக்குள்ள வேக்குவம் வைத்துத் தையல் ஓரங்களை எல்லாம் உறிஞ்சினேன். பழைய சொந்தக்காரர்களின் பிஸ்கட் தூள், மணல், ஒரு குழந்தையின் ஹேர்பின். பிறகு சோப்புத் திரவத்தை நுரையாக மட்டும் எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ஒரு முழம் ஒரு முழமாகச் சுற்றித் தேய்த்தேன். தண்ணீராக ஊற்றினால் தையல் துளை வழியே உள்ளே இறங்கிப் பஞ்சு நனைந்துவிடும். பிறகு அங்கிருந்து பூப்பல் மறுபடி மேலே வரும். நுரை சாம்பல் நிறமாக மாறியதும் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா கம்பு ஊன்றி வந்தார். மகன் பின்னாலேயே குடை பிடித்து வந்தார். மழை விட்டிருந்தது, ஆனாலும் பிடித்திருந்தார்.

வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அம்மா சீட்டின் அருகே கையைக் கொண்டுபோனார். தொடவில்லை.

"பாயி, இது ரெக்ஸின்தன்னே?"

"சொன்னேன்ல பா" என்றார் சேட்டு. அம்மாவை அவர் 'பா' என்றுதான் கூப்பிடுவார்.

"நீ சொன்னது கேட்டாச்சு. உனக்கு எந்தா தெரியும்? ஏலக்காய்ல நாலு தரம் தெரியும், அதுவும் ரெண்டு தப்பாச் சொல்லுவே. துடைக்கற ஆள் சொல்லட்டும்."

என்னைப் பார்த்தார். சேட்டும் என்னைப் பார்த்தார். என் கையில் நுரை பிரஷ் இருந்தது. 

நான் தலையாட்டினேன்.

"சரி பின்னே" என்றார் அம்மா. அவர் முகம் தெளிந்துவிட்டது. தோள்பட்டை இறங்கியது போலக்கூட இருந்தது. "அக்கா காத்திருப்பா. காலம்பற பத்து மணிக்குக் கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்து சாப்பிட்டுடலாம்." பொழுது சாய்ந்த பிறகு அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

அவர் போன பிறகு நான் நுரையைத் துடைக்கக் குனிந்தேன். சேட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாயா குடிக்கும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு ஓட்டலில் காய்கறி நறுக்குகிறாள். வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. பீன்ஸ் உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வாயத் தொறந்து பொய் சொல்ல மாட்டீய. தலைய வச்சு சொல்லுவீய. அப்படித்தான?"

"என்ன செய்யச் சொல்லுதே?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். போய் அக்காவப் பாத்துட்டு வரட்டும். செத்த பொறவு பாக்க முடியுமா? சீட்டு என்ன சொல்லப் போவுது, நான் மாடுன்னு?"

"அவங்க என்னைக் கேட்டாங்கள்லா."

"கேட்டாங்க. நீங்களும் சொல்லியாச்சு. பின்ன எதுக்கு சாயாவ ஆற வச்சுட்டு உக்காந்திருக்கீய?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நாளைக்கு அந்தம்மா அதில் போய், பார்த்து, அழுது, திரும்பி வந்துவிட்டால் முடிந்தது. தெரியாமல் உட்காருவதில் அவருக்கு என்ன பாவம் வந்துவிடும்? பாவம் இருந்தால் எனக்கும் சேட்டுக்கும்தான். அப்படி நினைத்துக்கொண்டேன். ஆனால் யார் கேட்டாலும் "பாயி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லும் அந்தம்மாவின் குரல் காதிலேயே இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கோடவுனைத் திறந்தேன். ராத்திரி முழுக்க மின்விசிறி வைத்து உலர்த்தியிருந்ததால் சீட்டு காய்ந்திருந்தது. நாற்றமும் போய்விட்டது. இனிக் கண்டிஷனர் போட வேண்டும். அது எண்ணெயும் கிரீமும் கலந்தது போல இருக்கும். வறண்ட தோலில் அதைப் போடாமல் விட்டால் சுத்தம் செய்ததே வீண். கொஞ்ச நாளில் வெடிப்பு விடும். நாணயம் அளவுக்குப் பஞ்சில் எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, இருபது நிமிடம் விட வேண்டும். தோல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மீதியைத் துடைத்துவிட வேண்டும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது.

முன்சீட்டு இரண்டும் முடிந்து பின்சீட்டுக்கு வந்தபோது கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. எட்டரைதான் ஆகியிருந்தது. அம்மா தனியாக வந்திருந்தார். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"வீட்ல இருக்க முடியல பாயி. நேரம் போகல. இது உனக்கு. வெந்தயக்கீரை போட்ட ரொட்டி. நேத்து முழுக்கக் குனிஞ்சே நின்னே, முதுகு வலிக்கும். சாப்பிட்டுட்டு செய்."

நான் டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் காரின் திறந்த கதவருகே போட்டேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் மறுபடியும் குனிந்தேன்.

நான் வேலை செய்யும்போது இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பார்க்கிறவர்கள் போனைப் பார்ப்பார்கள். அவரிடம் போன் இல்லை. அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்களாம். ஊறுகாயை அக்கா தன் பக்கம் இழுத்துக்கொள்வாளாம்.

"ஆஸ்பத்திரிலேந்து போன்ல பேசினா. அப்பவும் மாங்கா ஊறுகாய்தான் கேட்டா. கொண்டு போறேன், கேட்டோ" என்று துணிப்பையைத் தட்டினார். 

நான் உட்காரும் இடத்தில் ஒரு தடவை தேய்த்தேன். கிரீமோடு கை கதவுப் பலகையிலும் பட்டிருக்கிறது. எப்போதும் படும். கடைசியில் துடைத்துவிடுவேன்.

"பாயி."

நான் திரும்பவில்லை.

"கதவுல பட்டது அப்படியே வழிஞ்சு நிக்குது. சீட்டுல போட்டது காணோம்."

நான் பஞ்சைப் பிடித்தபடி நின்றேன்.

"ரெண்டும் ரெக்ஸின்தன்னே? ரெக்ஸின் எண்ணெய் குடிக்குமா?"

அப்பளமும், காக்ரா என்கிற மெல்லிய ரொட்டியும் இட்டு இட்டுப் பழகிய கண். மாவு எண்ணெயை எப்போது வாங்கும், எப்போது வாங்காது என்று ஐம்பது வருடமாகப் பார்த்தவர். அவரிடம் போய் நான் மறைக்க நினைத்திருக்கிறேன்.

இப்போதும் தலையாட்டலாம். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத்தான் தெரியும். கழுத்து தானாகவே தயாராக இருந்தது. நான் காரிலிருந்து வெளியே வந்தேன். பஞ்சைக் கீழே வைத்தேன்.

"தோல்தாம்மா" என்றேன். "உக்கார்ற இடமும் சாயற இடமும் தோல். ஓரம், கதவு, பின்பக்கம் ரெக்ஸின். நேத்தே தெரியும் எனக்கு."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசி நாளாயிற்று. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"மாடா?"

"மாடுதாம்மா."

அவர் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கினார். வெளியே காயலில் படகின் சங்கு கேட்டது. தகரத்துக்கு அந்தப்புறம் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து எதுக்குத் தலையாட்டினே?"

"எனக்குப் பேச வராதும்மா. எல்லாத்துக்கும் தலையாட்டிடுவேன். பழக்கமாயிட்டு."

"நல்ல பழக்கம்" என்றார்.

அப்போது சேட்டு சாவியோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில், நான் அந்தத் தெருவில் இனி வேலை செய்வேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"எந்தா அண்ணா இது? ஒரு நாள். ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்கக் கூடாதா? எப்பவும் மூடிட்டுத்தானே இருப்பீங்க?"

"அவர வையாதே" என்றார் அம்மா. "வாயத் தொறந்ததே இப்பத்தான்."

"பா, துணி விரிச்சுக்கலாம். ரெண்டு போர்வை போட்டா தோல் உடம்புல படாது."

"போர்வை போட்டா மாடு எழுந்து போயிடுமா?"

சேட்டு போனை எடுத்தார். வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன், பத்து நிமிடம் என்றார். ஒருவரின் வண்டி ஒர்க்ஷாப்பில் இருந்தது. இன்னொருவர் குடும்பத்தோடு குருவாயூர் போயிருந்தார். மூன்றாமவர் எடுக்கவே இல்லை. ஒன்பதரை ஆகிவிட்டது. மழை மறுபடி பிடித்தது. அம்மா துணிப்பையை மடியில் வைத்து, உள்ளே இருந்த ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் துணிக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லி ஓர் அக்காவையும் தங்கையையும் பிரித்துவிட்டோமோ என்று தோன்றியது. மனைவி சொன்னது போலப் பேசாமல் இருந்திருக்கலாம்.

சேட்டு நாலாவது எண்ணை அழுத்தும்போது அம்மா கையை நீட்டினார்.

"போதும். போனை உள்ள வை."

"அப்ப போக வேண்டாமா பா?"

"போகணும். இதிலேயே போகணும்."

சேட்டு போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். 

"வாங்கினது நீ" என்றார் மகனிடம். "உன் கடைச் சோறுதான் நான் தின்னறது. நீ தோல் வாங்கினா அதுல என் பங்கும் உண்டு. கண்ணை மூடிட்டு இல்லைன்னு சொல்லவா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "பாயி, தெரிஞ்சு உக்காந்தா திரும்பி வந்து அதுக்காக ஒரு நோன்பு இருக்கலாம். மன்னிப்புக் கேட்கலாம். தெரியாமலே உக்கார வச்சிருந்தீங்கன்னா நான் எதுக்குன்னு நோன்பு இருக்கறது? அது அப்படியே என்மேல ஒட்டிட்டுக் கிடக்கும். அதுதான் நீங்க ரெண்டு பேரும் செய்யப் பார்த்தது."

சேட்டு தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குனிவதற்கு மேல் ஒன்றும் தெரியாது, அதனால் நானும் குனிந்தேன்.

"ஏன் நிறுத்திட்டே? பாதிதானே குடிச்சிருக்கு. முழுசும் போடு. இவ்வளவு தாகத்தோட கிடக்கு பாவம்."

நான் மீதிச் சீட்டுக்கும் போட்டேன். இருபது நிமிடம் எல்லாரும் காத்திருந்தோம்.  அம்மா கண்களை மூடி வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். துணிப்பைக்குள் விட்டிருந்த அவர் விரல்களில் ஜபமாலை மணி நகர்வது வெளியே தெரிந்தது. நேரம் ஆனதும் சுத்தமான துணியால் மூன்று தடவை துடைத்தேன். சேலையில் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது என்று என் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கை காய்ந்தே வந்தது.

சேட்டு கதவை முழுக்கத் திறந்து பிடித்தார். உண்மையிலேயே அகலமான கதவுதான். அம்மா கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, முதலில் உள்ளங்கையைச் சீட்டின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

"ரொட்டியைச் சாப்பிடு" என்றார் கண்ணாடி ஏறும்போது.

நான் சாப்பிடவில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். வெந்தயக்கீரையும் நெய்யும் கலந்த வாசனை வந்தது. நல்ல பசி. நேற்றுத் தலையை ஆட்டியது நான். அவர் நோன்பு இருக்கப் போகிறார் என்றால் என் பங்குக்கு ஒரு வேளையாவது இருக்கலாம் என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன். போனில் மனைவியிடம் சொன்னபோது, "நல்லாருக்கு! காலைல ஏழு இட்லி தின்னுட்டுப் போன நோன்பு" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. "அந்தம்மா பாத்துட்டாங்களான்னு தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி கோடவுன் வாசலில் வந்து நின்றது. பின்கண்ணாடி இறங்கியது. அம்மாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"என் டப்பா எங்கே பாயி?"

எடுத்துக்கொண்டு ஓடினேன். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். அடுக்கு கலையாமல் இருந்தது.

"சாப்பிடலியா?"

"இல்லம்மா."

என்னையே பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"அக்கா முழிச்சுதான் இருந்தா" என்றார். "போன உடனே சொல்லிட்டேன், தோல் சீட்டுல உக்காந்து வந்தேன்னு. அந்த உடம்போட சிரிச்சா பாரு. 'என்னைப் பாக்க நீ மாட்டு மேல ஏறி வந்தியா'ன்னு ஒரே சிரிப்பு. இருமல் வந்துடுச்சு. ஊறுகாய் கொஞ்சம் நாக்குல வச்சா. அப்புறம் என் கையப் புடிச்சிட்டே தூங்கிட்டா. தூங்கட்டும்னு வந்துட்டேன்."

முன்சீட்டில் சேட்டு கண்ணாடியைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா டப்பாவை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு நான் சாப்பிட மாட்டேன். நாளைக்கு நீ சாப்பிடு. ரெண்டு நாள் கெடாது."

நான் தலையாட்டப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"சரிம்மா" என்றேன்.

இறங்க அவருக்கு உதவி செய்தபோது பின்சீட்டைப் பார்த்தேன். கண்டிஷனர் போட்ட தோல் இளகியிருக்கும். யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது அதில் கொஞ்ச நேரத்துக்குத் தெரியும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நடுவில், முதுகு முழுக்கச் சாய்த்து, நன்றாக உட்கார்ந்துதான் போய் வந்திருக்கிறார்.